ஆஸ்டின் டவுனில் நாலு குதிரை

லாரி இந்தத் தெருவுக்குள் நுழையாது. அதன் உறுப்புகள்தான் ஆட்டோவில் ஏறி வரும். பெங்களூரு ஆஸ்டின் டவுனில், நீலசந்திராவை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில், கீழே பட்டறை, மேலே வீடு. ஒரு வியாழக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது, சாக்கில் சுற்றிய மேனிஃபோல்டு ஒன்றை ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வியாழன் என்றால் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும் என்பது தெரியாமல் கிளம்பியதில் அரை மணி நேரம் போய்விட்டது. இந்தப் பகுதிக்கு இப்போது கிட்டல் நகர் என்று பெயர். 1894-இல் கன்னட - ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மன் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக வைத்தது. அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் முழிக்கிறார். ஆஸ்டின் டவுன் என்றால் மீட்டர் போடாமலே கிளம்பிவிடுகிறார்.

அனுப்பி வைத்தவர் நாமக்கல் நண்பர். இரண்டு லாரி வைத்திருக்கிறார். இன்டேக் மேனிஃபோல்டையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டால் முப்பது குதிரைத்திறன் கூடும் என்று யாரோ ஒரு வியாபாரி அவர் தலையில் ஒரு ‘பவர் கிட்’டைக் கட்டப் பார்த்திருக்கிறார். “வாங்குறதுக்கு முன்னாடி மேஸ்திரியை ஒரு வார்த்தை கேட்டுரு” என்றார் நண்பர்.

மேஸ்திரிக்கு அறுபது தாண்டிவிட்டது. அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர். மகன் பதினேழு வயதில், ஆடுகோடி மைக்கோவுக்கு வேலை எடுத்துச் செய்த ஒரு சின்னப் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தார். 1951-இல் தொடங்கிய மைக்கோ, நாட்டின் டீசல் எஞ்சின்களுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்பும் நாசிலும் செய்து கொடுத்த நிறுவனம். அந்த பம்புக்குள் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடியின் பருமனே எழுபது மைக்ரான் இருக்கும். நிறுவனத்தின் பெயர் 2008-இல் பாஷ் என்று மாறியது. மேஸ்திரிக்கு அது இன்றைக்கும் மைக்கோதான்.

சாக்குக்குள் இருந்தது டாடா 697 டர்போ எஞ்சினின் மேனிஃபோல்டு. 697 என்பது ஏதோ வரிசை எண் அல்ல. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 97 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 5.7 லிட்டருக்குச் சற்றே குறைவு. டர்போ இல்லாமலே நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால் கிட்டத்தட்ட 6,800 லிட்டர் காற்றை இழுக்கும். அந்தக் காற்றை ஆறு சிலிண்டருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிற குழாய்ப் பெட்டிதான் மேனிஃபோல்டு.

பட்டறைப் பையன் அதன் ஆறு வாயையும் ரப்பர் வைத்த இரும்புப் பட்டையால் மூடினான். டர்போ பக்கத்து வாயில் கம்ப்ரசர் குழாயைப் பொருத்தி, பாதியாக வெட்டிய டிரம்மில் இருந்த தண்ணீருக்குள் முக்கினான். ஓரத்தில் ஒரு கோடாகக் குமிழி கிளம்பியது. மேஸ்திரி பெயின்ட் மார்க்கரால் அந்த இடத்தில் வட்டம் போட்டார். “வண்டி புகையடிக்குதுன்னு மூணு மாசமா நாசில் மாத்திட்டு இருந்திருக்காங்க சார். காத்து இங்க ஓடிப்போவுது.”

விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் அடைத்தது பக்கத்துத் தெருவில். முகமூடியும் கண் கூசும் வெளிச்சமும் தவிர அங்கே எனக்கு எதுவும் புரியவில்லை. திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் பார்க்க வேண்டியது.

மேனிஃபோல்டு எஞ்சின் ஹெட்டோடு சேரும் முகம் வளைந்திருந்தது. அதை மறைக்க முன்பு யாரோ கேஸ்கட் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். மேஸ்திரி இழுப்பறையிலிருந்து ஒரு சுரண்டியை எடுத்தார். தேய்ந்துபோன முக்கோண அரத்தின் பல்லையெல்லாம் சாணையில் எடுத்து, விளிம்பை மட்டும் கூர்மையாக்கி, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது. நாற்பது வருடத்துக்கு முந்தையது. சமதளப் பலகையில் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, மேனிஃபோல்டின் முகத்தை அதன்மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். நீலம் ஒட்டிய இடம் மேடு. அந்த இடத்தை மட்டும் சுரண்டினார். துடைத்துவிட்டு மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். பதினோரு முறை எண்ணினேன். முதலில் 0.10 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தாராளமாக உள்ளே போனது. கடைசியில் 0.04 கூட நுழையவில்லை. பிறகு ஒவ்வொரு வாயையும் கேஸ்கட்டோடு ஒப்பிட்டு, உள்ளே துருத்திக்கொண்டிருந்த வார்ப்பு விளிம்புகளைச் சின்ன கிரைண்டரால் வழித்தார். இதைத்தான் நகரத்தின் பெரிய கடைகளில் போர்ட்டிங் என்று தனி விலை வைத்து விற்கிறார்கள்.

முப்பது குதிரை விஷயத்தைக் கேட்டேன். சிரித்தார். “மேனிஃபோல்டு மூக்கு சார். குதிரைக்குக் கொள்ளு போடறது பம்பு.”

கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஒரு லிட்டர் டீசல் முழுசாக எரிய ஏறக்குறைய 12 கிலோ, அதாவது சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். டீசல் எஞ்சினின் திறனை முடிவு செய்வது உள்ளே போகிற டீசலின் அளவு. அது எரியக் காற்று போதுமா என்பதை மட்டும்தான் மேனிஃபோல்டு பார்த்துக்கொள்கிறது. 130 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றில் நல்ல மேனிஃபோல்டு மாட்டியதால் மூன்று சதவீதம் காற்று கூடுகிறது, அதற்கேற்ப டீசலும் கூட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது நாலு குதிரை. முப்பது வேண்டுமென்றால் பம்பின் சீலை உடைத்து டீசலைத் திறந்துவிட வேண்டும்.

இன்னொன்று. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவு. பழைய பம்புக்கு இது தெரியாது. சென்னையில் ஊற்றிய அதே டீசலை இங்கேயும் ஊற்றும். எரியாத மிச்சம் கரும்புகை. டர்போ இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும், காற்று வழியில் ஓட்டை இல்லாவிட்டால்.

மேனிஃபோல்டை மாற்றித் திறனைக் கூட்டுகிற வேலைக்கு அமெரிக்காவில் பெரிய சந்தை உண்டு. 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் 160 குதிரைத்திறனுடன் ஏறிய கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினின் குடும்பத்தைத்தான் இங்கே டாடா கம்மின்ஸ் ஜாம்ஷெட்பூரில் தயாரித்தது. அந்த எஞ்சினில் மேனிஃபோல்டு என்று தனியாகக் கழற்ற ஒன்றும் இல்லை, ஹெட்டோடு சேர்த்தே வார்த்தது. மேல்மூடியையும் வளைகுழாயையும்தான் மாற்ற முடியும். ஆயிரம் குதிரையைத் தாண்டுகிற இழுவைப் போட்டிக்காரர்கள் அந்தப் பெட்டியையே மில்லிங்கில் அறுத்து எறிந்துவிட்டு, ஆறு தனிக் குழாய் வைக்கிறார்கள். வெங்காயம் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிற லாரிக்கு அது எதற்கு?

கிட் விற்கிறவர் இதில் ஒன்றையும் சொல்வதில்லை. பம்பைத் திறந்த பிறகு பிஸ்டன் உருகினால் அவர் வரமாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் அவர் சொல்லமாட்டார். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வண்டிக்காரருக்குத்தான். டப்பாவில் அடைத்த பொருளுக்குக் கேட்ட விலையை அப்படியே எண்ணிக் கொடுக்கிறோம். ஒன்றரை மணி நேரம் குனிந்து சுரண்டுகிற கையிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். அன்றைக்கும் ஆட்டோவில் வந்தவர் நூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டுதான் போனார். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது.

மாலையில் நண்பருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். மேஸ்திரி அவரிடம் குதிரைத்திறனைப் பற்றிப் பேசவே இல்லை. “ஏர் கிளீனர்லருந்து டர்போவுக்குப் போற குழாய்க்கு ரெண்டு முனையிலயும் கிளாம்ப்பு இருக்கும் பாருங்க. அதை இறுக்குங்க. அப்புறம் ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அதுக்கும் சரியாகலைன்னா, மேனிஃபோல்டைக் கழட்டி ஆட்டோவுல ஏத்துங்க.”