மஞ்சளிக்காத கண்

கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோரத்தில் கருவாடு உலர்த்தும் பெண்கள் கை அரிப்பைப் பொருட்படுத்துவதில்லை. நாள் முழுதும் உப்பும் மீனும் பட்ட கை அரியாமல் என்ன செய்யும்? எட்டாம் மாதக் கருவைச் சுமந்திருந்த அவளும் அவ்வாறே எண்ணினாள். ஆயின், அவள் அத்தொழிலை விட்டு ஒரு மாதமாகியிருந்தது. அரிப்போ உள்ளங்கையோடு நில்லாது உள்ளங்காலுக்கும் இறங்கி, இரவில் மிகுந்து, உறக்கத்தைக் கெடுத்தது. தோலில் தடிப்பேதும் இல்லை. சொறிந்த கீறல்கள் மட்டுமே.

தாய் அவளுடைய கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். "கண்ணில மஞ்சள் இல்ல மகள், பயப்படாத" என்றாள். மஞ்சள் கண்டிருந்தால் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்திருப்பாள். காணாமையால் வேப்பிலை அவித்த நீரில் குளிக்க வார்த்தாள். தாயின் பார்வையிற் பிழையில்லை. கர்ப்பகாலப் பித்தத்தேக்கத்திற் பெரும்பாலும் பிலிருபின் உயர்வதில்லை. ஆதலாற் கண்ணும் மஞ்சளிப்பதில்லை. வீட்டுக்கு வந்த மருத்துவமாது மட்டுமே, "இராவையிலயா கூட?" என்று வினவி, அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினாள்.

கர்ப்பவதியின் குருதி அறிக்கையை ஏனையோரின் அறிக்கைபோல் வாசித்தல் தகாது. அல்கலைன் பொஸ்பேற்றேஸ் எனும் நொதியத்தைச் சூல்வித்தகமும் சுரப்பதால், இறுதி மாதங்களில் அது இருமடங்குக்கு மேலும் உயர்ந்திருப்பது இயல்பு. குருதியின் நீர்ப்பங்கு பெருகுவதால் அல்புமின் தாழ்ந்திருப்பதும் இயல்பே. திரான்சமினேஸ் நொதியங்களோ கர்ப்பத்தினால் உயர்வதில்லை. அவை சிறிது கூடினாலும் காரணம் தேடவேண்டும். அவற்றோடு குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்து, செங்குருதிக் கலங்களும் சிதைவுறுமாயின், அது 1982 இல் லூயிஸ் வைன்ஸ்ரைன் 'ஹெல்ப்' எனப் பெயரிட்ட கொடிய நிலை. அவளுக்குத் திரான்சமினேஸ் உயர்ந்திருந்தது. சிறுதட்டுக்களும் குருதியமுக்கமும் செவ்வையாயிருந்தன.

எஞ்சியது பித்த அமிலம். அதனை அளக்கும் வசதி அருகில் இன்மையாற் குருதி கொழும்புக்குச் சென்றது. உண்டபின் எடுத்த குருதியில் லீற்றருக்கு 19 மைக்கிரோமோல் வரை பித்த அமிலம் இருக்கலாம். 2019 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியான தொகுப்பாய்வின்படி, ஒற்றைக் கருவைச் சுமந்த தாய்மாருள், இவ்வளவு 40 க்குக் குறைந்தோரிடத்துக் குழந்தை இறந்து பிறந்தது 0.13 வீதம், 100 ஐ எட்டியோரிடத்து 3.44 வீதம். அட்டவணையில் அது சிறிய எண். பாயில் விழித்துக் கிடக்கும் தாய்க்கு அவ்வாறன்று. ஸ்கேனோ இதயத்துடிப்புப் பதிவோ இம்மரணத்தை முன்கூட்டி உணர்த்துவதில்லை. குருதியில் தெரியும் அந்த ஓர் எண்ணே வழிகாட்டி.

முப்பத்தைந்தாம் வாரத்தில் விடை வந்தது: 112. அடுத்த வாரமே மருந்தேற்றி மகப்பேறு நடத்தப்பட்டது. பெண் குழந்தை, எடை குறைவு, அழுகை பலம். சில நாட்களில் அரிப்பு அடங்கிற்று.

இந்நோய் அடுத்த கர்ப்பத்திலும் திரும்பலாம், உடன்பிறந்தாருக்கும் வரலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆறு வாரங்களின் பின் ஈரல் சீரடைந்ததைக் காட்டும் அறிக்கையைப் பெற்றவள், அதனைப் பழைய அறிக்கையோடு மடித்து எடுத்துக்கொண்டு, மூன்று மாதக் கர்ப்பிணியான தன் தங்கையையும் அழைத்துக்கொண்டு மருத்துவமாதைத் தேடிச் சென்றாள்.