தேரிக்காட்டில் ஒரு துபாய் ஒத்திகை

நெம்மேலி பீச் மணல் போதாதா மச்சி? மாமாவுக்கு துபாயில் வேலை கிடைச்சிருக்கு. 'பாலைவனத்தைப் பழகிக்கலாம்' என்று அக்காவையும், ஓசியில் என்னையும் திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரிக்குக் கிளப்பிட்டார்.

செக்கச்செவேல் மணல். இரும்பு ஆக்ஸைடு உபயம்! ரெண்டடி ஏறினால் ஓரடி சறுக்கல். அம்மாவின் பழைய புடவைதான் டென்ட். ஆடிக் காற்று கால்தடத்தை அழிச்சதில் வழி குழம்பி, பனைகளை அடையாளம் வைத்து அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சேர்ந்தோம். அந்த மணலுக்கு நடுவே சுனைத் தண்ணீர்!

முகம் கழுவிய அக்கா, "அங்கே தண்ணிக்கு?" என்றாள்.

"நம்மூர்ல 2013-லேர்ந்து பண்றாங்களே, அதே மாதிரி கடல்தண்ணியைத்தான் குடிதண்ணியாக்குவாங்க."

"அதை நெம்மேலியிலேயே குடிக்கலாமேங்க."

மாமா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். துபாய் டிக்கெட் இன்னும் போடலை.