எனக்குப் பின்னால் நின்றவர்கள்

கோல்ஃப் மைதானத்தில் நான் மெதுவாக ஆடுகிறவன். இதைவிடப் பெரிதாகப் பேசப்படும் குற்றங்கள் அங்கே உண்டு. அடித்த அடிகளைக் குறைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புதரோரம் கிடக்கும் பந்தை யாரும் பார்க்காதபோது காலால் நகர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவற்றைச் செய்ததில்லை. அந்தப் பெருமையே என் கண்ணை மறைத்தது. பொய்க் கணக்கு எழுதாதவன் நல்ல ஆட்டக்காரன்தானே என்று நினைத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் எனக்குப் பின்னால் நின்று காத்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்னையில் இந்த ஆட்டத்துக்கு உரிய நேரம் விடியற்காலைதான். ஆறு மணிக்கு முதல் நால்வர் இறங்குவார்கள். எட்டு அல்லது பத்து நிமிட இடைவெளியில் அடுத்த நால்வர், பிறகு அடுத்தவர்கள். பதினெட்டுக் குழிகளையும் நாலு, நாலேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டால், ஏழரைக்கு இறங்கியவர்கூட உச்சிவெயிலுக்கு முன் வீட்டுக்குப் போய்விடலாம். கத்திரி வெயில் நாட்களில் அந்த ஒரு மணி நேர வித்தியாசம் சின்ன விஷயமில்லை. எங்கள் கிளப்பில் எழுபதைத் தாண்டியவர்கள் பலர் நடந்தே ஆடுகிறார்கள். பழைய உறுப்பினன் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முதல் நேரங்களில் ஒன்று கிடைத்துவிடும். அன்றைய வரிசையின் தலையில் நான் நிற்பேன்.

மைதானத்தில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போக முடியாது, முன்னால் இருப்பவர் மனமுவந்து வழிவிட்டாலொழிய. கல்யாணப் பந்தியில் முதல் வரிசை எழுந்தால்தான் அடுத்த வரிசைக்கு இலை போட முடியும், அப்படித்தான் இதுவும். காலை ஏழு மணிக்கு நான் தொலைத்த பத்து நிமிடம் ஏழேகாலுக்கு வேறொருவர் தலையில் இறங்கும். எட்டரைக்கு அதைச் சுமப்பவர் என் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டார். குறிப்பாக மூன்றடிக் குழிகளில், அதாவது ஒரே அடியில் கொடி நட்ட க்ரீனுக்குப் போய்விடக்கூடிய குட்டைக் குழிகளில், முன்னால் இருப்பவர்கள் க்ரீனைவிட்டு நகரும்வரை யாரும் அடிக்க முடியாது. அங்கே இரண்டு, சில சமயம் மூன்று கூட்டங்கள் நிழல் தேடிக் கூடி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இன்று கூட்டம் அதிகம் என்று கூட வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்குக் காரணம் அன்றைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை இல்லை, நான்தான்.

ஒரு சின்னக் கணக்கு வெகுகாலம் எனக்குத் தோன்றாமலே இருந்தது. எங்களைப் போன்ற நடுத்தர ஆட்டக்காரர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 90 அடி அடிப்பார். நால்வருக்குச் சேர்த்து 360. ஒவ்வோர் அடிக்கும் 10 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால் 3,600 விநாடி, முழுதாக ஒரு மணி நேரம். யாரும் எங்கேயும் உட்கார்ந்து அரட்டை அடிக்க வேண்டியதில்லை. பத்துப் பத்து விநாடியாகவே அது கரைந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டது பத்து விநாடி இல்லை. பந்தருகே போன பிறகுதான் எந்த மட்டை என்று யோசிக்கத் தொடங்குவேன். பை தூக்கிவரும் கேடி சொல்லும் மட்டையை வாங்கி, திருப்பிக் கொடுத்து, வேறொன்று கேட்பேன். பிறகு ஒத்திகை வீச்சு, ஒன்று போதாமல் இன்னும் இரண்டு மூன்று. க்ரீனில் மற்றவர் பந்தைத் தள்ளும்போது என் கோட்டைப் பார்த்து வைத்திருக்கலாம், பார்க்கமாட்டேன். என் முறை வந்த பிறகே குந்துவேன், எதிர்ப்பக்கம் போய் மறுபடியும் குந்துவேன், பந்தில் வரைந்த கோட்டைக் குழிக்கு நேராகத் திருப்பி வைப்பேன். குழியை முடித்ததும் அங்கேயே கொடியருகே நின்று நால்வர் கணக்கையும் அட்டையில் எழுதுவேன். அடுத்த குழி தொடங்கும் டீயில் எழுதலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. வயதில் மூத்தவன், சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள்.

இன்னொன்று. என் தூரத்துக்கு ஏற்ற டீ வெள்ளை. நான் ஆடியது நீலத்திலிருந்து, இன்னும் பின்னாலிருந்து. வெள்ளையிலிருந்து ஆடுவதை வயதாகிவிட்டதன் அறிவிப்பாக எடுத்துக்கொண்டேன். அதன் விலை, ஒவ்வொரு நீளக் குழியிலும் ஓரடி கூடுதல்.

ஏன் இப்படி ஆடினேன் என்பதைப் பிற்பாடுதான் யோசித்தேன். காரணம் பயம். பந்தை அடிக்காதவரை அது தொலையாது, தண்ணீரில் விழாது, மூன்று பேர் பார்க்கத் தரையைக் கீறிக்கொண்டு இருபது கெஜத்தில் நிற்காது. அடிப்பதை ஒத்திப்போடுகிற ஒவ்வொரு விநாடியும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நிதானம் என்று பெயரிட்டுக்கொண்டேன். ஆட்டத்தை மதிக்கிறவன் அவசரப்படமாட்டான் என்று இளையவர்களுக்குப் புத்தியும் சொன்னேன். நிதானம் என் ஆட்டத்தை ஒருநாளும் உயர்த்தவில்லை. அதிக நேரம் நின்று அடித்த அடிகளே பெரும்பாலும் மோசமாகப் போயின. உடம்பு இறுகிப்போனால் வேறென்ன ஆகும்?

தொலைக்காட்சியும் எனக்குத் துணையாயிற்று. 2012 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் கெவின் நா மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது முன்னணியில் இருந்தார். மட்டையைப் பின்னுக்கு இழுக்க முடியாமல் பந்தின்மேல் நின்றுகொண்டே இருந்தார். வேடிக்கை பார்த்த கூட்டம் பொறுமை இழந்தது. அவர் தன் குறையை மறைக்கவில்லை, வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கடைசி நாள் பின்தங்கிப் போனார். அதைப் பார்த்த நான் அந்தக் கூட்டத்தைத்தான் திட்டினேன். அடுத்த ஆண்டு மாஸ்டர்ஸில் 14 வயதுச் சீனச் சிறுவன் குவான் தியான்லாங் இரண்டாம் நாள் பதினேழாம் குழியில் மெதுவாக ஆடியதற்காக ஓரடி தண்டனை பெற்றான். அதற்கும் கொதித்தேன், குழந்தையிடம் போய் இவ்வளவு கண்டிப்பா என்று. அவனோ தண்டனையை ஏற்றுக்கொண்டு ஆடினான், தகுதிக் கோட்டையும் தாண்டினான். நான் சிறுவனுக்காகப் பரிந்து பேசியதாக அன்று நினைத்தேன். பரிந்து பேசியது எனக்காகத்தான்.

இதுவரை சொன்னவை பழக்கதோஷங்கள். இனிச் சொல்வது அப்படியில்லை.

ஒரு ஞாயிறு எங்களுக்குப் பின்னால் இரண்டே பேர் ஆடிக்கொண்டு வந்தார்கள், இருவரும் இளைஞர்கள். ஒவ்வொரு டீயிலும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் முன்னால் ஒரு குழி முழுக்கக் காலியாக இருந்தது. அப்படியானால் ஓரமாக ஒதுங்கி, கையசைத்து, பின்னால் வருகிறவர்களை முன்னே விட வேண்டும். ஆட்டம் தெரிந்த எவருக்கும் இது தெரியும். எங்கள் நால்வரில் ஒருவர், “விட்டுடலாமா சார்?” என்று கேட்கவும் செய்தார். நான் வேண்டாம் என்றேன். ரெண்டு பேருக்கு என்ன அவசரம், முன்னால போய் என்ன பண்ணப்போறாங்க என்றேன். வழிவிட்டால் நான் மெதுவானவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை.

அடுத்த குழியில் நான் ஃபேர்வேயில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குச் சற்றுப் பின்னால் ஒரு பந்து வந்து விழுந்தது. எச்சரிக்கைக் குரல் எதுவும் கேட்கவில்லை. அவர்களில் ஒருவர் பொறுமை இழந்து அடித்துவிட்டிருந்தார். அது தவறு, இப்போதும் தவறென்றே சொல்வேன். கோல்ஃப் பந்து தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. நான் திரும்பி நடந்துபோய் அந்த இளைஞரை எல்லார் முன்னிலையிலும் திட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். நான் அத்தோடு விடவில்லை. கிளப் கமிட்டிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். விதிப்புத்தகத்தைத் திறந்து, மற்றவர் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் 1.2 விதியையும் மேற்கோள் காட்டினேன். முன்னால் ஒரு குழி காலியாக இருந்ததைப் புகாரில் எழுதவில்லை. கமிட்டி என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த இளைஞர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கடிதத்தின் நகல் எனக்கு வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அதைப் படித்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது.

என்னைத் திருப்பியது அந்தக் கடிதமில்லை, என் கேடி. என்னைவிட வயதில் மூத்தவர், நானோ பேர் சொல்லித்தான் கூப்பிட்டுவந்தேன். கொஞ்ச நாட்களாக ஞாயிறு காலைகளில் அவர் எனக்குக் கிடைக்காமல் போனார். புதுப் பையன்களே வந்தார்கள். வெளியே டீக்கடையில் அவரைப் பார்த்தபோது உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். தயங்கினார். வற்புறுத்திய பிறகு சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க கூட வந்தா அன்னிக்கு ஒரு ரவுண்டோட சரி.”

கேடிகளுக்குக் கூலி ரவுண்டுக்கு இவ்வளவு என்றுதான், மணிக்கணக்கில் இல்லை. முதல் ரவுண்டு பத்து மணிக்குள் முடிந்தால், கேடி மாஸ்டரிடம் போய் முறைக்கு நின்று இன்னொரு பையைத் தூக்கலாம். பதினொன்றைத் தாண்டினால் புதிதாக இறங்க ஆள் இருக்காது. நான் க்ரீனில் எதிர்ப்பக்கம் போய்க் குந்திய ஒவ்வொரு முறையும் அவருடைய இரண்டாவது கூலி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் என் பந்துக்குக் கோடு சொல்லிக்கொண்டிருந்தார். சுற்று முடிந்ததும் டிப்ஸ் கொடுத்துவிட்டுத் தாராளமானவன் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தத் தொகை ஒரு ரவுண்டுக் கூலியில் பாதிகூட இருக்காது.

அன்று வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தை மறுபடி எடுத்தேன். நான் புகாரில் காட்டிய அதே 1.2 விதி, மற்றவர்களுக்கு மதிப்புக் கொடுப்பது எப்படி என்று சொல்லும் இடம். பாதுகாப்பைப் பற்றிய சொற்களுக்குச் சற்று முன்னால், அதே வாக்கியத்தில், தாமதிக்காமல் ஆட வேண்டும் என்று இருந்தது. புகார் எழுதிய நாளில் என் கண் அதைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். 5.6 விதியில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. தடையில்லாமல் அடிக்கக்கூடிய நிலை வந்ததும் 40 விநாடிக்குள் அடித்துவிடும்படி பரிந்துரைக்கிறது, பொதுவாக அதைவிடக் குறைவான நேரமே போதும் என்கிறது. 2019-ல் விதிகளைத் திருத்தியபோது தொலைந்த பந்தைத் தேடும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். அடிக் கணக்கு ஆட்டத்தில் தூரமாக இருப்பவருக்காகக் காத்திராமல், பிறருக்கு ஆபத்தில்லையென்றால், தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம் என்று ஊக்கப்படுத்தினார்கள். க்ரீனிலிருந்து தள்ளும்போதும் கொடியை எடுக்காமலே விடலாம் என்றார்கள். என்னைப் போன்றவர்களை மனதில் வைத்து இவ்வளவும் செய்திருக்கிறார்கள். கொடியை மட்டும் நான் பயன்படுத்திக்கொண்டேன், அதுவும் குழியில் பந்து விழ உதவும் என்ற நினைப்பில்.

கமிட்டிக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். அன்று எங்கள் முன்னால் ஒரு குழி காலியாக இருந்தது, வழிவிட மறுத்தவன் நான், புகாரில் அதை மறைத்தேன் என்று. அந்த இளைஞர் அதற்குள் வேலை மாறி வெளியூர் போயிருந்தார். அவருக்குத் தனியாகவும் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இப்போது வெள்ளை டீயிலிருந்து ஆடுகிறேன். பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால் நடப்பதற்கு முன்பே மாற்றுப் பந்து ஒன்றை அடித்துவிடுகிறேன். ஒத்திகை வீச்சு ஒன்றுதான். க்ரீனில் இன்னும் முழுதாகத் திருந்தவில்லை. குட்டையான கடைசித் தள்ளலில் அந்தப் பழைய பயம் வந்து கையைப் பிடிக்கிறது, அப்போது நேரம் போவது எனக்கே தெரிகிறது. கூட ஆடுகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தயங்காமல் என்னைத் துரிதப்படுத்துங்கள் என்று. சொல்கிறார்கள். முதலில் கோபம் வந்தது, இப்போது அவ்வளவாக இல்லை.

ஞாயிறு காலையில் முதல் நேரங்களில் இறங்குகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பின்னால் வருகிறவர்கள் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லையே என்று பார்க்காதீர்கள், உங்களுக்கு முன்னால் பாருங்கள். அங்கே ஒரு குழி காலியாக இருந்தால், பின்னால் நிற்பவர் இளைஞரோ புதியவரோ யாராக இருந்தாலும், ஒதுங்கி நின்று அவர்களை அனுப்பிவையுங்கள். ஆட்டம் முடிந்து கூலி கொடுக்கும்போது இரண்டாவது ரவுண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேடியிடம் கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், அந்த ரவுண்டின் கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.