நஷ்டத்திலும் பங்கு

மைக்கேல் மோரிட்ஸைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு அப்பாவின் முதலாளி ஞாபகம்தான் வந்தது. சென்னையில் ஒரு துணிகர முதலீட்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். பகலெல்லாம் தொழில் தொடங்க வருபவர்களின் கணக்கு வழக்கு, ராத்திரியில் எழுத்து. இரண்டும் ஒருவனுக்குள் சேர்ந்து இருக்குமா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. மோரிட்ஸ் 'டைம்' பத்திரிகையின் நிருபராக இருந்தவர். ஆப்பிள் நிறுவனத்தின் கதையை 1984இல் புத்தகமாக எழுதியவர். 1986இல் செக்கோயா முதலீட்டு நிறுவனத்துக்குப் போனார். 1999இல் கூகுளில் அது பணம் போட்டதற்கு அவரே முக்கியக் காரணம். விசாரித்து எழுதிய பழக்கம்தான் அவருக்கு ஆளை எடைபோடக் கற்றுக்கொடுத்திருக்கும் என்று தோன்றியது.

எனக்கு ஆளை எடைபோடும் பழக்கம் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில், எங்கள் வீட்டுக் குழித்தறி ஓரம் வந்தது. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, இரண்டு ஆள். அப்பா தறியில் இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை நான் தள்ளுவேன். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வொரு முறையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். முந்தானை வேறு நிறமென்றால் பிட்னி: பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புது இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பார். "பட்டு முதலாளியோடது, ஜரிகை அவரோடது. கை மட்டும்தான்டா நம்முது" என்பார்.

முன்பணமும் முதலாளி தந்ததுதான். சேலையில் குறை என்றால் கூலியில் பிடித்தம். முன்பணம் தீராமல் இன்னொருவரிடம் நெய்யப் போக முடியாது. துணிகர முதலீடு அப்படியல்ல. தொழில் மூழ்கினால் போட்டவர் பணமும் மூழ்கும். தொடங்கியவர் வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. 1996இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி இதற்கென்று தனி விதிமுறைகளே கொண்டுவந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் முன்பண முறையிலிருந்து இந்தத் திசையில் பாதி வழி வந்தவைதான். அங்கே நெய்கிறவரே பங்குதாரர்.

எழுத்துக்கு வந்தால், ஓரிக்கையிலேயே ஒரு பாடம் உண்டு. மன்னனைப் பாட மறுத்த கணிகண்ணனைக் காஞ்சியிலிருந்து துரத்தினார்கள். குரு திருமழிசை ஆழ்வாரும் யதோக்தகாரிப் பெருமாளும் அவரோடு கிளம்பி வந்து இங்கே ஒரு ராத்திரி தங்கினார்கள் என்பது ஐதீகம். எங்கள் நிறுவனம் பணம் போட்ட எதைப் பற்றியும் எழுதுவதில்லை என்று நான் ஆரம்பத்திலேயே முடிவு செய்ததற்கு அந்தக் கதையும் காரணம். பத்திரிகையில் வந்த என் முதல் கட்டுரை பிட்னி பற்றியது.

மோரிட்ஸிடமிருந்து அப்பாவின் முதலாளிக்கு மனசு தாவியது ஏன் என்று இப்போது தெரிகிறது. பணம் கொடுக்கும் எல்லாரும் லாபத்தில் பங்கு கேட்கிறார்கள். நஷ்டத்தில் பங்கெடுப்பவர் சிலரே. கைத்தறியில் முதலீடு செய்ய வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நஷ்டத்திலும் பங்கு ஏற்றுக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் நீங்கள் தருவதும் முன்பணம்தான்.