எரிமலை விரித்த குடை

எரிமலைன்னதும் நெருப்புக் குழம்பும் சாம்பலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா உலகத்தோட தட்பவெப்பத்தை ஆட்டிவைக்கிற முக்கியமான ஆசாமி வேற. கண்ணுக்குத் தெரியாத கந்தக டை ஆக்சைடு.

பிலிப்பைன்ஸ்ல பினாடுபோன்னு ஒரு மலை. சுமார் 500 வருஷமா தூங்கிட்டிருந்தது, 1991 ஜூன் 15 அன்று பெரிசா வெடிச்சுது. சாம்பலில் பெரும்பகுதி சீக்கிரமே கீழே படிஞ்சிடுச்சு. கூடவே கிளம்பின ஒன்றரை கோடி டன் கந்தக டை ஆக்சைடோ, மழை மேகங்களையும் தாண்டி அடுக்கு மண்டலத்துக்குப் போயிடுச்சு. அங்கே கழுவிவிட மழை கிடையாதே! அமிலத் துளிகளாக மாறி, பூமி முழுக்கப் பரவி, சூரிய ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பியது. உலக சராசரி வெப்பநிலை சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் இறங்கியது.

ஆச்சரியம் என்னன்னா, நாசாவின் ஜேம்ஸ் ஹேன்சன் குழு இதைக் கணினி மாதிரி வச்சு முன்னாடியே கணிச்சு, 1992 ஜனவரியிலேயே வெளியிட்டுட்டாங்க.

அரை டிகிரிதானேன்னு அலட்சியமா நினைக்காதீங்க. இந்தோனேசியாவில் 1815 ஏப்ரலில் தம்போரா வெடிச்சப்போ, மறு வருஷம் மேற்கு ஐரோப்பாவுக்குச் சரியான கோடையே வரலை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஜூன் மாசம் பனி கொட்டியது. விளைச்சல் படுத்து, தானிய விலை எகிறி, பல ஊர்களில் கலவரம்.

சரி, புவி சூடாகுதுன்னு கவலைப்படுறோமே, நாமே மேலே போய் கந்தகத்தைத் தூவினா என்ன? இது டீக்கடை யோசனை இல்லீங்க. நோபல் பரிசு வாங்கின பால் க்ரட்ஸன், இதை ஆராய வேண்டும் என்று 2006-ல் எழுதினார்.

எனக்கு என்னவோ பயமாத்தான் இருக்கு. பினாடுபோவுக்கு அடுத்த வருஷம் வெப்பம் மட்டுமா குறைஞ்சது? உலகம் முழுக்க நிலத்தில் பெய்த மழையும், ஆறுகளில் ஓடிய தண்ணீரும் சேர்ந்தே குறைஞ்சது. இன்னொண்ணு, அந்தத் துளிகள் இரண்டு மூணு வருஷத்தில் இறங்கிடும். நாம விடுற கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். அப்படின்னா அந்தக் குடையை எத்தனை தலைமுறை பிடிச்சிட்டே நிக்கிறது? நடுவுல மடக்கினா, அடக்கி வச்ச சூடு மொத்தமா இறங்குமே!

மழையை நம்பி விதைக்கிறவங்களைக் கேக்காம இந்தக் குடையை யாரும் விரிக்கக் கூடாதுங்கறது என் கட்சி. நீங்க என்ன நினைக்கிறீங்க?