கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு காலை

'வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கப்பி மீன் வளர்க்கிறோம். அதிலேயே சின்ன இறாலும் விடலாமா?' திருத்தணிப் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பதிலை அலுவலகத்தில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம். ஆனால் இதே விஷயத்தில் நானே ஒரு தடவை அடிபட்டவன் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னை கொளத்தூருக்குப் புறப்பட்டேன்.

ரெட்டேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது கொளத்தூர். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். தெருவோரம் வரிசையாகத் தொங்கும் பாலிதீன் பைகளில் பாதி தண்ணீர், மீதி ஆக்சிஜன். உள்ளே கப்பி, மோலி, தங்கமீன், ஏஞ்சல். இவற்றில் பல, திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் சிமென்ட் தொட்டிகளில் வளர்ந்தவை.

ஒரு கடையில், விரல் நக நீளத்தில் சிவப்புச் சிவப்பாக நூற்றுக்கணக்கில் இறால்கள் பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. செர்ரி இறால். தைவான் பக்கத்து நன்னீர் இனம். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளராது. கடைக்கார அம்மாவிடம், "மீனோட விடலாமாம்மா?" என்றேன்.

"மீனு வாய்ல அடங்குனா அது தீனி சார். தங்கமீன், ஏஞ்சல் இருந்தா விடவே விடாதீங்க. கப்பின்னா பெருசு பொழச்சுக்கும், குஞ்சைத் தின்னுடும். பாசி நிறைய வெச்சா கொஞ்சம் தப்பிக்கும்" என்றார்.

பெண் இறால் இருபது, முப்பது முட்டைகளை வயிற்றுக்கடியில் சுமந்து திரியும். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகள், தாயின் சிறிய உருவமாகவே வெளிவரும். கடல் தண்ணீர் தேவையில்லை. வீட்டுத் தொட்டியிலேயே பெருகுவது அதனால்தான்.

இப்போது என் கதை. நான்கு வருடங்களுக்கு முன் என் வீட்டுத் தொட்டியில் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. கடையில் மருந்து வாங்கி, அளவு பார்த்துத்தான் ஊற்றினேன். மீன் பிழைத்தது. மறுநாள் சாயங்காலம் இறால்கள் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகே புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் இருந்தது தாமிரம்.

காப்பர் ஆக்ஸிகுளோரைடையும் போர்டோ கலவையையும் எத்தனையோ விவசாயிகளுக்குப் பரிந்துரை செய்த எனக்கு அன்று அது தோன்றவில்லை. இறாலின் ரத்தத்திலேயே துளி தாமிரம் உண்டு. ஆனால் தண்ணீரில் கொஞ்சம் கூடினாலும் அதுவே விஷம். இறால் மீனுக்குச் சொந்தம் இல்லை, பூச்சிக்குத்தான் சொந்தம். வயலில் பூச்சியைக் கொல்வது தொட்டியில் இறாலையும் கொல்லும். மீன் நீந்துகிறதே, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

ஆகவே வாசகிக்குச் சொல்வது இதுதான். மருந்து அடித்த கையைத் தொட்டியில் விடாதீர்கள். வயல் வாய்க்காலில் இருந்து வேலம்பாசி பறித்துப் போடாதீர்கள். வீட்டில் கொசு மருந்து அடிக்கும் நாளில் தொட்டியை மூடி, காற்று மோட்டாரையும் அந்த நேரம் நிறுத்துங்கள். மீனுக்கு நோய் வந்தால், அதைத் தனி வாளிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள்.

இரண்டடி நீளத் தொட்டியில் பத்து இறாலோடு ஆரம்பிக்கலாம். புதுத் தொட்டியென்றால் ஒரு மாதம் ஓடட்டும். கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக அவ்வளவு நாள் ஆகும். பஞ்சு வடிகட்டியே நல்லது, குஞ்சை உறிஞ்சாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். இறால் உரித்த ஓட்டை எடுத்துப் போடாதீர்கள். சுண்ணாம்புச் சத்துக்காக அதையே அது தின்னும். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டாமல் நிழலில் வையுங்கள்.

பெருகிவிட்டதென்று ஏரி, குளத்தில் மட்டும் கொட்டிவிடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய 'சக்கர்' மீனை இப்படிக் கொட்டித்தான், இன்று பல ஏரிகளில் வலைக்காரர்கள் அவதிப்படுகிறார்கள்.

கிளம்பும்போது நானும் பத்து இறால் வாங்கிக்கொண்டேன். பையை வாங்கிய மகள் முதலில் கேட்டது, "அப்பா, அந்த மருந்துப் புட்டியைத் தூக்கிப் போட்டாச்சா?"