முற்றத்தில் பிறக்கும் லொறி

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், சாவகச்சேரியைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் கொடிகாமத்தை அடைவர். புகையிரத நிலையமும் பெயர்பெற்ற சந்தையும் உடைய ஊர் இது. தென்மராட்சியின் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் இங்கே குவியும். இங்கிருந்து வடக்கே பிரியும் வீதி, வரணியூடாகச் சென்று, கடனீரேரியைக் கடந்து வடமராட்சிக்குள் புகுந்து, பருத்தித்துறையில் கடலைக் காண்கிறது.

இவ்வீதியின் வரலாற்றைத் தட்டி வானை விட்டுவிட்டு எழுத இயலாது. இளைய வாசகர்களுக்காக அதன் தோற்றத்தைச் சொல்லி வைப்போம். முன்னே பழைய அமெரிக்க லொறியின் மூக்கு, பின்னே மரத்தாலான கூடு, பக்கங்கள் திறந்தவை, உள்ளே மர வாங்குகள், கடைசியிலே சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டி. அத்தட்டியை இறக்கிவிட்டால் வெங்காய மூட்டையும் வாழைக்குலையும் சைக்கிளும் அதன்மேல் ஏறிவிடும். உள்ளே இடமில்லாதபோது மனிதரும் அதன்மேல் நின்றே ஊர் போய்ச் சேர்வர். 1958 ஆம் ஆண்டில் தனியார் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னரும், தட்டி வான் இவ்வீதியை விட்டு மறைந்துவிடவில்லை.

இந்த வாகனத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடல் கடந்து வந்தவை எஞ்சினும், சேசிஸ் என்னும் அடிச்சட்டமும், முன்முகமுமே. கூட்டைக் கட்டியவர் நம்மூர்த் தச்சர்; இரும்புப் பட்டம் போட்டவர் நம்மூர்க் கொல்லர். ஆகவே அது பிறக்கும்போதே பாதி வீட்டுப்பிள்ளையாகத்தான் பிறந்தது. மற்றைப் பாதியையும் நம்மவர் காலப்போக்கில் எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பதை அண்மையில் நேரிற் கண்டோம்.

சென்ற விடுமுறையில் நண்பர் ஒருவர் நம்மை வரணிப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மாமர நிழலில், நான்கு கற்றூண்களின்மேல், சில்லுகள் இன்றி ஒரு பழைய லொறி நின்றது. அதன் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டிய மெக்கானிக். தேங்காய் ஏற்றும் தொழிலுக்குத் தம் மகனுக்கு ஒரு வாகனம் வேண்டும். புதிய லொறி வாங்கவோ வழியில்லை. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரை, பழைய வாகனங்களின் விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. ஆகவே பெற்றோலில் ஓடிய இந்தக் கிழ லொறிக்கு, கழித்துவிடப்பட்ட ஜப்பானியச் சிறு லொறி ஒன்றின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பொருத்த முனைந்திருக்கிறார்.

"எஞ்சினைப் பாத்து லொறி வாங்கிறவன் ஏமாந்துபோவான் மாஸ்டர். முதல்லை சேசிசைச் சுத்தியலாலை தட்டிப் பாருங்கோ" என்றார். எஞ்சினை மாற்றலாம், கூட்டைப் புதிதாகக் கட்டலாம். கடற்காற்றின் உப்பு அடிச்சட்டத்தை உள்ளிருந்தே அரித்திருந்தால் மற்றவை யாவும் வீண். கணீரென்ற ஓசை வந்தால் நல்ல இரும்பு. மந்தமான ஓசை வந்தால் துரு என்று கொள்க.

அடுத்த வேலை எஞ்சினையும் பழைய கியர்ப் பெட்டியையும் இணைப்பது. இரண்டும் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள், துளைகள் பொருந்தா. இடையில் ஒரு தடித்த இரும்புத் தகடு வேண்டும். அதனைக் கடைசல் பட்டறையில் வெட்டுவிக்கும்போது, இரு தண்டுகளின் நடுக்கோடும் மயிரிழையும் பிசகாமல் நேராக நிற்க வேண்டும். பிசகினால் சில மாதங்களிலேயே கிளச்சும் பேரிங்கும் தேய்ந்து போகும்.

பெற்றோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் குணத்திலும் வேற்றுமை உண்டு. டீசலில் தீப்பொறி இல்லை. காற்றை மிக நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிய வைக்கிறது. அந்நெருக்கத்தைத் தாங்க அதன் உடல் கனமாக இருக்கும். எனவே முன் வில்லுக்கு ஒரு தகடு கூட்ட வேண்டும். நெருக்கத்தை எதிர்த்துச் சுழற்றி ஸ்டார்ட் செய்யப் பழைய 6 வோல்ற் பற்றரி போதாது. 12 வோல்றுக்கு மாற வேண்டும். பெற்றோல் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வலுவைக் கொண்டு இயங்கிய துணைக் கருவிகள் டீசலில் இயங்கா. பிரேக்குக்கு அத்தகைய துணையிருந்தால் தனிப் பம்ப் ஒன்று பூட்ட வேண்டும்.

இவ்வாறு எஞ்சின் மாற்றுவது நம்மவரின் தனிப் புதுமையன்று. இங்கிலாந்தில் பீற்றர்பரோ நகரின் பேர்க்கின்ஸ் கம்பனி 1937 ஆம் ஆண்டில் வெளியிட்ட பி-6 என்னும் டீசல் எஞ்சின், பெற்றோல் லொறிகள் பலவற்றில் மாற்றாகப் பொருத்தப்பட்டது. அங்கே கம்பனி செய்த வேலையை இங்கே ஒரு குடும்பம் மாமரத்தடியில் செய்கிறது.

செலவைப் பற்றிக் கேட்டோம். சிக்கனம் பிடிக்கும் இடமும் பிடிக்கக்கூடாத இடமும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன. பிரேக், ஸ்டியரிங், ரயர் ஆகிய மூன்றிலும் ஒரு சதமேனும் மிச்சம் பிடிக்கலாகாது. டீசல் பம்பையும் நொசிலையும் அதற்கென உள்ள பட்டறையிலேயே சோதிப்பிக்க வேண்டும். கூடு, இருக்கை, பூச்சு வேலை ஆகியவற்றைத் தம் கையாலேயே ஆறுதலாகச் செய்து கொள்ளலாம். எஞ்சின் இலக்கமும் எரிபொருளும் மாறுவதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்துவதற்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும். இச்செலவை மறப்பவரின் வண்டி முற்றத்தைத் தாண்டாது.

பழைய வண்டிகள் இங்கே நெடுங்காலம் வாழ்ந்ததற்கு நிலமும் ஒரு காரணம். குடாநாட்டில் மலையில்லை, ஏற்றமில்லை, ஊர்களுக்கிடையே தூரமும் அதிகமில்லை. தளர்ந்த எஞ்சினும் இந்தச் சமதரையில் தன் கடமையைச் செய்துவிடும். ஆயினும் நிலத்தைவிடப் பெரிய காரணம் போர்க்காலத்து நெருக்கடியே.

1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது, பெற்றோலும் டீசலும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயும் அளந்தே கிடைத்தது; விலையோ எட்டாத உயரம். அக்காலத்தில் நம் மக்கள் பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு ஸ்டார்ட் செய்வர். சூடேறியதும் மண்ணெண்ணெய் தானே எரியும். சிறு போத்தலில் பெற்றோலைப் பொன்போலப் பேணிய அந்த நாள்களை ஒஸ்ரினும் மொறிசும் ஓட்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டீசல் எஞ்சினுக்குள்ள சிக்கல் வேறு. டீசலின் வழுவழுப்பே பம்பின் உறுப்புகளைக் காக்கிறது. மண்ணெண்ணெயில் அவ்வழுவழுப்புக் குறைவு. அதைத் தனியே ஊற்றினால் பம்ப் விரைவில் தேயும். அதனால் எஞ்சின் எண்ணெயை அளவறிந்து கலக்க வேண்டும்.

1900 ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கச்சான் எண்ணெயில் ஓடியது என்று வரலாறு சொல்கிறது. அதை நம் மெக்கானிக் படித்ததில்லை. ஆனால் எஞ்சின் எதைக் குடித்து உயிர் வாழும் என்ற கேள்வி அவருக்குக் கண்காட்சி வேடிக்கையன்று. பிரசவ வலியில் துடித்த பெண்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றதாகச் சொன்னார். வண்டி நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றபோது, இத்தகையோரின் அறிவு மீண்டும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த அறிவு எங்கே இருக்கிறது? இடைத்தகட்டின் அளவுகளை அவர் ஓர் அட்டைத் துண்டில் பென்சிலால் குறித்து, தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். வேறு ஏடு இல்லை. அருகில் நின்று கற்ற இளைஞர் இருவர் கடல் கடந்து போய்விட்டனர். மகனுக்குக் கைப்பழக்கம் உண்டு. எழுதி வைக்கும் வழக்கம் இல்லை.

கண்டி வீதியிலேயே, கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அமைந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே செல்லும் மாணவர் கொடிகாமத்தைக் கடந்தே போகின்றனர். அவர்களுள் நால்வர் ஒருநாள் பஸ்ஸை விட்டிறங்கி, ஒரு கொப்பியும் அளவுகோலும் கொண்டு இத்தகைய முற்றமொன்றுக்குச் சென்றால் போதும். அட்டைத் துண்டு வரைபடமாகிவிடும். முதியவர் இருக்கும்போதே அது நடைபெற வேண்டும் என்பதே நமது விருப்பம்.